நடமாடும் ஆய்வகப் பேருந்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மீண்டும் பொருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் வாகனம், 1998-ஆம் ஆண்டின் அசோக் லேலண்ட் வைக்கிங் சேஸிஸ் மீது பாடி கட்டப்பட்டு முதலில் கல்லூரிப் பேருந்தாக ஓடியது. 2011-இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, இருக்கைகளை அகற்றிவிட்டு, செய்முறை மேசைகள், தண்ணீர்த் தொட்டி, கண்ணாடிப் பொருள்களுக்கான அலமாரிகள் ஆகியவற்றைப் பொருத்தி, வட சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் உள்ள பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் அறிவியல் ஆய்வகமாக மாற்றியது. அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் முறையாகப் பதிவானது. அறக்கட்டளையின் வாகனங்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், பின்னால் வரும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நானே பொறுப்பு.

பேருந்தின் எஞ்சின், ஹினோ வடிவமைப்பைத் தழுவிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். அது முன்பக்கத்தில், ஓட்டுநருக்கு இடப்புறம், மூடிக்கு அடியில் அமர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால், பயணிகள் நிற்கும் தரைக்கு நேர் கீழே வருகிறது. கல்லூரிப் பேருந்தாக இருந்த காலத்தில் கியர்பாக்ஸுக்கு மேலே தரையில் ஒரு திறப்பு மூடி இருந்தது. ஆய்வகமாக மாற்றியவர்கள் அதன்மேல் ஒட்டுப்பலகையையும் வினைல் விரிப்பையும் பரப்பி, விரிப்பின்மேல் ஒரு மேசையையும் போல்ட் போட்டு நிறுத்திவிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அதனால் எந்தத் தொந்தரவும் வரவில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை பெய்தபோது பேருந்து பள்ளிக்கரணையில் ஒரு தாழ்வான மனையில் நின்றிருந்தது. இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை. சக்கரங்கள் முக்கால் பாகம் மூழ்கியிருந்தன. அந்த நேரத்தில் ஓட்டுநர் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே பேட்டரி இணைப்புகளைக் கழற்றிய அவர், வெள்ளம் வடிந்த பிறகும், பலர் வற்புறுத்தியும், ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். இந்த எஞ்சினின் பிளாக்கும் கிராங்கும் (சுழல்தண்டு) பிழைத்ததற்கு அவருடைய பொறுமையே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கழற்றியதும் கிடப்பில் கிடந்ததும்

2024 ஜனவரியில் ஒரு பட்டறை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கியது. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. கிளட்ச் தட்டு துருவால், எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கும் கியர்பாக்ஸ் வேறொரு பட்டறைக்கும் சென்றன. பாடி மட்டும் செங்குன்றம் அருகே ஒரு திறந்த மனைக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

இறக்கியபோது ஒரு புகைப்படமும் எடுக்கப்படவில்லை. போல்ட்டுகள் அனைத்தும் ஒரே அரிசிச் சாக்கில் போடப்பட்டன. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் குறி வைக்கப்படவில்லை. அப்போது நான் ஊரில் இருந்தும் அங்கே போகவில்லை. இறக்குவது யாரும் செய்யக்கூடிய வேலை, பொருத்துவதுதான் நுட்பமானது என்று எண்ணியிருந்தேன். பணம் திரட்டுவதற்கே ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டதால், இறக்கிய பட்டறை மீண்டும் பொருத்தும் வேலையை ஏற்கவில்லை. ஆகஸ்டில், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக்கும் அவருடைய இரண்டு உதவியாளர்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். கழற்றும்போது எது எங்கே இருந்தது என்பதை நேரில் கண்டவர் எங்களில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே.

பொருத்துவதற்கு முன் பார்த்தவை

முதல் இரண்டு நாள் எதையும் தூக்காமல், திரும்பி வந்த பொருள்களைப் பரிசோதிப்பதில் செலவிட்டோம். எஞ்சின் வேலை நேர்த்தியாகவே இருந்தது: கிராங்க் கையால் சீராகச் சுழன்றது, முன்புறப் புல்லியில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து நெம்பிப் பார்த்ததில் முன்பின் அசைவு 0.20 மி.மீ. இருந்தது, சாணை பிடித்த ஃப்ளைவீலில் கோணல் தெரியவில்லை. ஆனால் ஃப்ளைவீலின் நடுவில் இருந்து கிளட்ச் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் பழையதாகவே இருந்தது. விரலால் சுழற்றினால் மணல் உரசுவதுபோல் ஒலித்த அந்தப் பேரிங்கை, கியர்பாக்ஸ் ஏறிய பின் மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும் என்பதால் அப்போதே மாற்றினோம். எண்ணெயில் ஊறித் தொய்ந்திருந்த மவுண்டிங் ரப்பர்களையும், கிராங்கின் பின்புற ஆயில் சீலையும், கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் இதே காரணத்துக்காகப் புதிதாகப் போட்டோம்.

கியர்பாக்ஸ் பட்டறையிலிருந்து வந்த சீட்டில் பேரிங்குகள், சீல்கள், ஒரு கிளட்ச் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து முன்னே நீண்டு, கிளட்ச் தட்டு வழியாக எஞ்சினின் சுழற்சியை வாங்கும் தண்டு) ஆகியவை மாற்றப்பட்டதாக எழுதியிருந்தது. பழைய ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் துருவால் குழிந்துவிட்டதாம்; மாற்றுத் தண்டு புதுப்பேட்டையில் வாங்கிய பயன்படுத்திய பொருள். கழற்றிய தண்டை ஓட்டுநர் கேட்டு வாங்கி, கோணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். கிளட்ச் தட்டை ஃப்ளைவீலின் மையத்துக்கு நேராக நிறுத்துவதற்கு ஒரு டம்மி ஷாஃப்ட் தேவை. பழைய கிளட்ச் ஷாஃப்டையே அதற்குப் பயன்படுத்துவது பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கப்படி கோணியில் இருந்த தண்டைச் செருகித் தட்டை மையப்படுத்தி, தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை முறுக்கினோம். தண்டு தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. அந்த வழுவழுப்பைப் பார்த்து நாங்கள் எல்லோரும் திருப்தி அடைந்தோம்.

முதல் முயற்சி

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தரையிலேயே இணைத்து ஒரே பொருளாக முன்புறத்திலிருந்து ஏற்றுவதா, தனித்தனியாக ஏற்றுவதா என்பது முதல் கேள்வி. இணைத்து ஏற்றினால் பொருத்தும் வேலை வெளிச்சத்தில், நின்றபடி முடியும். ஆனால் எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ அரை டன். எங்களிடம் இருந்தது 2 டன் செயின் பிளாக்கும் ஒரு முக்காலிச் சட்டமும். சட்டத்தின் உயரம், நீண்ட கூட்டுப்பொருளைச் சாய்த்து உள்ளே நுழைக்கப் போதவில்லை. அதனால் எஞ்சினை முன்புறத் தகட்டைக் கழற்றிய வழியாகவும், கியர்பாக்ஸைக் கீழிருந்து ஜாக்கி மீது வைத்தும் ஏற்றுவதென்று முடிவு செய்தோம். எஞ்சின் ஒரே முற்பகலில் ஏறியது. மூத்த மெக்கானிக் மவுண்டிங் போல்ட்டுகளை விரல் இறுக்கத்தோடு விடச் சொன்னார்; கியர்பாக்ஸ் சேரும்போது எஞ்சின் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு.

கியர்பாக்ஸ் அன்று மாலை நேராகத்தான் போனது. கிளட்ச் தட்டின் பற்களிலும் இறங்கியது. பிறகு, கிளட்சை மூடும் முன் உறையான பெல் ஹவுசிங் எஞ்சினோடு சேர ஏறத்தாழ ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. டாப் கியரில் போட்டுப் பின்புற ஃப்ளாஞ்சைச் சுழற்றிப் பார்த்தோம். ஜாக்கியை ஏற்றியும் இறக்கியும் கோணத்தை மாற்றினோம். மூன்று மணி நேரம் இப்படியே போனது. கீழே படுத்திருப்பவருக்கு அடிப்பக்க இடைவெளி மட்டுமே தெரியும். அடியில் திறந்திருந்தால் மேலே ஒட்டியிருக்கும், ஆகவே கோணம்தான் தவறு என்று ஒவ்வொருவரும் ஊகித்துக்கொண்டிருந்தோம்.

இருட்டியபோது உதவியாளர்களில் இளையவர், “நாலு நீள போல்ட்டைப் போட்டு ஒரே சீரா இழுத்தா வந்துரும் சார்” என்றார். நான் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மூத்த மெக்கானிக், “கையால வராததை போல்ட்டால இழுக்க வேணாம் தம்பி, காலையில பார்ப்போம்” என்று சொல்லி, கியர்பாக்ஸின் எடை கிளட்ச் ஷாஃப்டில் தொங்காதபடி அதை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்து இறக்க வைத்தார். கியர்பாக்ஸை இரவு முழுவதும் பாதி நுழைந்த நிலையில் விட்டிருந்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளைந்திருக்கலாம்.

தரையைத் திறந்தது

மறுநாள் காலை நான் எடுத்த முடிவு, மேசையைக் கழற்றித் தரையை அறுப்பது. அறக்கட்டளையில் இதற்குத் தயக்கம் இருந்தது. அந்த மேசையில்தான் தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் வந்து சேர்கின்றன, அது நின்றுபோனால் ஆய்வகத்தின் பாதி நின்றுபோகும். ஆனாலும் கண்ணால் பார்க்க முடியாத இணைப்பை ஊகத்தால் சேர்ப்பது தவறு என்று வாதாடி ஒப்புதல் வாங்கினேன். விரிப்பையும் பலகையையும் அறுத்து எடுத்ததும், அடியில் பழைய திறப்பு மூடி அதன் திருகுகளோடு அப்படியே இருந்தது. இரண்டு மணி நேர வேலைதான்.

கியர்பாக்ஸை மறுபடி அதே இடம் வரை கொண்டுபோய், ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் இடைவெளியை அளந்தோம். மேலே 11 மி.மீ.; கீழேயும் 11 மி.மீ.; பக்கவாட்டிலும் அதே அளவு. கோணம் தவறியிருந்தால் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் எதிர்ப்பக்கம் குறுகியும் இருந்திருக்கும். சுற்றிலும் ஒரே அளவில் நிற்கிறது என்றால், நீளவாக்கில் ஏதோ ஒன்று எதன் மீதோ முட்டி நிற்கிறது. முந்தைய நாளின் மூன்று மணி நேரமும் நாங்கள் திருத்த முயன்றது இல்லாத ஒரு பிழையை.

இதை உறுதிப்படுத்த மூத்த மெக்கானிக் ஒரு சோதனை செய்தார். ரேடியேட்டர் இன்னும் ஏறாததால் கிராங்க் புல்லி எட்டும் நிலையில் இருந்தது. அதில் டயல் கேஜை மீண்டும் பொருத்தி, கியர்பாக்ஸை இருவர் முன்னோக்கி அழுத்திப் பிடித்திருக்க, கிராங்கை நெம்பிப் பார்த்தார். முன்பு 0.20 மி.மீ. அசைந்த கிராங்க் இப்போது அசையவில்லை. அதாவது கிளட்ச் ஷாஃப்டின் முனை, பைலட் பேரிங்கைக் கடந்து, கிராங்கின் பின்முனைக் குழியின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு போல்ட் போட்டு இழுத்திருந்தால் அந்த விசை முழுவதும் கிராங்கின் முன்பின் அசைவைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் மீது இறங்கியிருக்கும். எஞ்சின் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். வாஷர் தேய்ந்து கிராங்கே பிளாக்கில் உரசத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரிய வந்திருக்கும். புதிதாகப் பேரிங் போட்டு எட்டு மாதம் காத்திருந்து வந்த எஞ்சின் அது. அந்த இரவை நினைத்தால் இன்னும் எனக்குப் பதற்றம் வருகிறது.

தண்டைப் பற்றிய முடிவு

கோணியிலிருந்த பழைய ஷாஃப்டையும் கியர்பாக்ஸில் இருந்ததையும் வெர்னியர் வைத்து ஒப்பிட்டோம். பற்களின் எண்ணிக்கை, தண்டின் பருமன், முனையின் பருமன் எல்லாம் ஒன்றே. பேரிங்குக்குள் செல்லும் முனையின் நீளம் மட்டும் கூடுதல். வேறொரு வகை எஞ்சினோடு சேர்வதற்காக வந்த தண்டு அது. நாங்கள் கிளட்ச் தட்டை மையப்படுத்தியது பழைய தண்டை வைத்து. உள்ளே போக வேண்டியிருந்ததோ இன்னொரு தண்டு. எது உள்ளே போகப் போகிறதோ அதைச் செருகிப் பார்க்கவில்லை.

இரண்டு வழிகள் இருந்தன. கூடுதல் நீளத்தை அறுத்துவிடலாம் என்பது மூத்த மெக்கானிக்கின் கருத்து. அவர் தம் பணிக்காலத்தில் அப்படிச் செய்து ஓடிய வண்டிகளைக் கண்டவர், அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கையில் இருந்தது சாணை இயந்திரம். வெட்டும் சூடு, பேரிங் உட்காரும் பகுதியின் கடினத்தைத் தளர்த்திவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. பயன்படுத்திய தண்டு என்பதால் அதன் உள்நிலையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிக் குட்டையாக்கிய ஒரு தண்டு உள்ளே இருப்பது அடுத்து அதைத் திறப்பவருக்குத் தெரிய வழியில்லை. சரியான தண்டைத் தேடுவது என்று முடிவு செய்தேன். புதுப்பேட்டையில் ஒன்றரை நாள் அலைந்து கிடைக்காமல், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றில் புதியது கிடைத்தது. சேஸிஸ் தயாரித்த நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் இருக்கும் நகரத்தில் வாழ்வதன் நன்மை அது. வேறு ஊரில் இருந்திருந்தால் வாரக்கணக்கில் காத்திருந்திருப்போம். இம்முறை கடைக்குப் பழைய தண்டையும் ஒரு பைலட் பேரிங்கையும் எடுத்துப்போய், கடை மேசையிலேயே ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தேன். கியர்பாக்ஸின் முன்மூடியைத் திறந்து தண்டை மாற்றியதோடு நான்கு நாள் கழிந்தது.

பிறகு கியர்பாக்ஸ் ஏறுவதற்கு இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. கடைசி 11 மி.மீ.-ஐ இருவர் கையால் தள்ளியே மூடினார்கள்.

முதல் ஸ்டார்ட்

எட்டு மாதம் நின்ற டீசலை இறக்கித் தொட்டியைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, கை பம்பால் காற்று வெளியேற்றினோம். எண்ணெய் அழுத்தம் வரும்வரை எஞ்சின் எரிய வேண்டாம் என்பதால், எரிபொருளை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினோம். எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால் காற்று வழியை அடைக்க ஒருவர் தட்டையான பலகையோடு நின்றிருந்தார்.

ஸ்டார்ட்டர் மிக மெதுவாகச் சுழன்றது. சில வினாடிகளில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையிலிருந்து புகை. உடனே பேட்டரியைத் துண்டித்தோம். பேட்டரிகள் புதியவை, 24 வோல்ட்டும் சரியாக இருந்தது. ஓட்டுநர் அப்போது, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செம்புப் பின்னலால் ஆன பட்டை ஒன்று முன்பு இருந்ததாக நினைவுகூர்ந்தார். அது அரிசிச் சாக்கில் இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மீது அமர்ந்திருப்பதால், அந்த எர்த் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் திரும்பிப் போக வேறு உலோக வழிகளைத் தேடுகிறது; இங்கே அது ஆக்சிலரேட்டர் கேபிளைத் தேர்ந்தது. கேபிள் உறைக்குள் உருகிச் சிக்கியிருந்தால், எஞ்சின் எரிந்த பிறகு வேகத்தைக் குறைக்க முடியாமல் போயிருக்கும். புதிய பட்டையையும் புதிய கேபிளையும் பொருத்தி, சுழற்றும் நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மின்னழுத்தத்தை அளந்தோம். அரை வோல்ட்டுக்கும் கீழே இருந்தது. அன்று மாலை எஞ்சின் எரிந்தது. எண்ணெய் அழுத்த முள்ளும், அதைத் தொடர்ந்து பிரேக்குக்கான காற்றழுத்த முள்ளும் ஏறியதை எல்லோரும் நின்று பார்த்தோம்.

சாலையிலும் அதற்குப் பிறகும்

செங்குன்றத்திலிருந்து தாமரைப்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்ததில், மணிக்கு 45 கி.மீ. தாண்டியதும் தரை அதிர்ந்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் வழுக்கு இணைப்பு தவறான பல்லில் சேர்க்கப்பட்டு, இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் இருந்தன. கிரீஸைத் துடைத்துப் பார்த்தபோது தண்டிலேயே அம்புக்குறிகள் இருந்தன. அவற்றை நேராக்கியதும் அதிர்வு நின்றது.

பிளாக் மாறாததால் எஞ்சின் எண் மாறவில்லை, ஆர்.சி.யில் புதிதாக எதையும் பதிய வேண்டியிருக்கவில்லை. எட்டு ஆண்டு கடந்த போக்குவரத்து வாகனத்துக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று ஆண்டுதோறும் தேவை, அது செப்டம்பரில் கிடைத்தது. 500 கி.மீ. ஓடியபின் எண்ணெயை மாற்றி, டேப்பட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்தோம். வடிந்த எண்ணெயில் உலோகத் துகள் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் பேருந்து மீண்டும் பள்ளிகளுக்குச் செல்லத் தொடங்கியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுத்த முறை இறக்கும் நாளில் நான் அங்கே இருப்பேன். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றுவதற்கு முன் படம் எடுப்பதற்கும், போல்ட்டுகளை இடவாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதுவதற்கும், சுழலும் தண்டுகளில் வெள்ளைப் பெயின்ட்டால் குறி வைப்பதற்கும் அரை நாள் போதும். எர்த் பட்டைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் நாங்கள் செலவிட்ட மூன்று நாளும் அந்த அரை நாளில் அடங்கியிருக்கும்.

கியர்பாக்ஸ் எந்தப் பட்டறையிலிருந்து வந்தாலும், தூக்குவதற்கு முன், அதன் கிளட்ச் ஷாஃப்டிலேயே கிளட்ச் தட்டையும் பைலட் பேரிங்கையும் கையால் செருகிப் பார்க்க வேண்டும். முனையின் நீளத்தை கிராங்கின் குழி ஆழத்தோடு ஒப்பிட வேண்டும். பத்து நிமிட வேலை. மாற்றப்பட்ட தண்டு பயன்படுத்தியது என்று சீட்டிலேயே எழுதியிருந்ததை நான் படித்திருந்தும், அதை அளக்கத் தோன்றாதது என் பிழை.

பேருந்துகளை நூலகமாகவோ மருத்துவமனையாகவோ மாற்றுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கியர்பாக்ஸுக்கு மேலுள்ள திறப்பை மூடாதீர்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால், எளிதில் நகர்த்தக்கூடிய பொருளை அதன்மேல் வையுங்கள். நாங்கள் அந்த மேசையின் கால்களுக்கு விரைவாகக் கழற்றும் இணைப்புகளையும், குழாய்களுக்கு வளையும் ஹோஸையும் போட்டிருக்கிறோம். விரிப்பில் திறப்பின் அளவுக்கு ஒரு துண்டு தனியாக வெட்டப்பட்டு, ஓரங்களில் அலுமினியப் பட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கழற்றிய நீள முனைத் தண்டை அதன் அளவுகள் எழுதிய அட்டையோடு கட்டி, பேருந்தின் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். கியர்பாக்ஸின் பின்புற சீலில் இலேசான கசிவு இன்னும் இருக்கிறது. மாதம் ஒருமுறை எண்ணெய் மட்டம் பார்த்துக் குறித்துவருகிறோம், கோடை விடுமுறையில் சீலை மாற்றுவதாகத் திட்டம்.